மூன்றாம் மணி

நவம்பர் 29, சனி

கோயிலுக்கு வெள்ளையடித்து முடித்துவிட்டார்கள்! ஒரு வருடமாகப் பள்ளிக்கூடக் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடந்த ஆராதனை, நாளையிலிருந்து மறுபடி எங்கள் தோத்திரபுரம் கோயிலுக்குள்ளேயே நடக்கப்போகிறது. சாயங்காலம் போய்ச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எங்கும் புதுப் பெயிண்ட் வாசனை. வெள்ளம் நின்ற கோடு சுவரில் எந்த உயரத்தில் இருந்தது என்றே இப்போது தெரியவில்லை.

திரும்பி வந்தால் போதகர் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, சென்னைக்காரர். ஊர் வழக்கப்படி "ஐயரே" என்று யாராவது கூப்பிட்டால், தன்னையா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறார். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஆள் வந்தால் எனக்கு அதுதான் இடம்.

"அண்ணாச்சி, நாளைக்கு மணி நீங்கதான் அடிக்கணும். ஊரே எதிர்பார்க்குது" என்றார் போதகர்.

"சரிய்யா" என்றார் அப்பா.

பதினெட்டு வருடம் அந்தக் கோயிலின் மணி, விளக்கு, துடைப்பம் எல்லாம் அப்பா கையில்தான் இருந்தன. கோயில்குட்டி அருமைநாயகம் என்றால்தான் ஊரில் தெரியும். போன வருட வெள்ளத்தில் அம்மாவும் தம்பி எப்புவும் போன பிறகு அவர் கோயில் வாசலை மிதிக்கவில்லை. வாழைத்தார் ஏற்றும் வேலைக்குப் போகிறார், ஞாயிற்றுக்கிழமையும். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்று வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். வெள்ளத்தைப் பற்றி இதில் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். இவ்வளவு போதும்.

ஆனால் "சரி" என்றாரே! எனக்குத் தூக்கம் வருமா என்று தெரியவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

அப்பா எழுந்திருக்கவில்லை.

விழித்துத்தான் இருந்தார். போர்வைக்கு வெளியே கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது. "அப்பா, முதல் மணிக்கு நேரமாச்சு" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். போதகர் கொடுத்துவிட்டுப் போன சாவி மேசைமேல் வைத்தபடியே இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். ஏன் ஓடினேன்? அப்பாவை யாரும் ஒன்றும் சொல்லிவிடக் கூடாது என்றுதான்.

மணிக்கூண்டுக் கதவை உள்ளே தாழ் போட்டேன். கயிறு புதுசு. முதல் இழுப்புக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த இழுப்புக்கு மேலே ஏதோ முனகியது. உடம்பையெல்லாம் போட்டுத் தொங்கினேன். டாங்! அப்பாடா, என்ன சத்தம்! புறாக்கள் ஒரே நேரத்தில் பறந்தன, தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள், கயிறு மேலே போகிறது, கூடவே நானும் போகிறேன்! நிஜமாகவே கால் தரையை விட்டுப் போய்விட்டது. கத்தினேன். வருகைப்பதிவுக்கு "உள்ளேன் டீச்சர்" சொல்லக்கூடக் குரல் வராதவள், வாய் விட்டுக் கத்தினேன். மணிச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

ஊர் முழுக்க என் கையைக் கேட்கிறது, ஒருவர் கண்ணிலும் நான் படவில்லை. எனக்கென்றே செய்துவைத்த வேலை!

ஒரு மணி நேரம் முன்னால் முதல் மணி, அரை மணி முன்னால் இரண்டாவது. மூன்றாம் மணியைப் போதகர் அங்கியோடு வாசலுக்கு வரும்வரை அடிக்க வேண்டும். மூன்றையும் அடித்தேன். எல்லோரும் உள்ளே போன பிறகு பூனை மாதிரிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முன்னால் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "அருமைநாயகம் திரும்பி வந்துட்டாருட்டீ" என்று ஒருவருக்கொருவர் கிசுகிசுத்தார்கள்.

வீட்டில் அப்பா இல்லை, லோடு ஏற்றப் போய்விட்டார். நான் போட்டு வைத்த காப்பி ஆடை படிந்து அப்படியே இருந்தது.

டிசம்பர் 1, திங்கள்

உள்ளங்கையில் கொப்புளம். அப்பா பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 3, புதன்

குழாயடியில் பொன்மலர் அத்தை பிடித்துக்கொண்டார். அப்பாவின் அக்கா. வாயைத் திறந்தால் மூட மாட்டார்.

"ஏட்டி கெச்சி, ஒங்கப்பனுக்கு என்ன ஆச்சு? முன்னல்லாம் மணி அடிச்சா பெரிய மனுசன் நடந்து போற மாதிரி இருக்கும். இப்பம் ஆட்டுக்குட்டி துள்ளுத மாதிரில்லா இருக்கு!"

"கயிறு புதுசு அத்தை" என்றேன்.

"கயிறா புதுசு?" என்று என் கையைப் பார்த்தார். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். பாதித் தண்ணீர் பாவாடையில்.

டிசம்பர் 7, ஞாயிறு

இன்று நன்றாக வந்தது! கயிறு மேலே போகும்போது பிடிவாதம் பிடிக்கக் கூடாது, கூடவே போய்விட வேண்டும். இறங்கும்போதுதான் நம் முறை. இது தெரிந்ததும் வலியே இல்லை. இரண்டாம் மணியை முதல் மணியைவிட நீளமாக அடித்துவிட்டேன், ஆசையில்.

நடுவில் ஒரு ஆபத்து. போதகர் கூண்டுக் கதவைத் தட்டினார். "அண்ணாச்சி, டீ கொண்டுவந்திருக்கேன்."

மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அப்பா மாதிரி ஒரு இருமல் இருமினேன்.

"தொண்டை சரியில்லையா அண்ணாச்சி?"

இன்னொரு இருமல்.

"சரி, வாசல்ல வச்சுட்டுப் போறேன். பிஸ்கட்டும் இருக்கு. கிரீம் வச்சது." போகும்போது அவர் சிரித்தது மாதிரி இருந்தது. பெரியவர்களுக்கு யாராவது கிரீம் பிஸ்கட் கொடுப்பார்களா?

ஆராதனையில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்தார்கள். எனக்கு இப்போதெல்லாம் முடிவதில்லை. கண்ணை மூடினால் வேறு என்னென்னவோ வந்துவிடுகிறது. மணி அடிக்கும்போது கண்ணைத் திறந்தே வைத்திருக்கலாம். கடவுளே என்று கூப்பிட வேண்டாம், மணியே கூப்பிட்டுவிடும். அது ஜெபத்தில் சேருமா என்று யாரிடம் கேட்பது?

டிசம்பர் 11, வியாழன்

வீட்டுக்கு வீடு ஸ்டார் கட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் இல்லை. இரவுச் சாப்பாட்டின்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே "கயித்த ரொம்ப மேல பிடிக்காத. தோள் எறங்கிரும்" என்றார்.

நான் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேசியது அவ்வளவுதான். ஆனால் பேசினாரே!

டிசம்பர் 13, சனி

அத்தை வீட்டில் முந்திரிக்கொத்து சுட்டோம். பாசிப்பயறு மாவை நான்தான் உருட்டினேன். கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்துவிடும், எனக்குக் கொடுத்ததில் பாதியை வழியிலேயே தின்றுவிட்டேன். மத்தியானத்திலிருந்து மழை.

புறப்படும்போது அத்தை "நாளைக்கு என்ன நாளுன்னு தெரியுமாட்டீ?" என்றார்.

"ஞாயிறு" என்றேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

தவறு நடந்துவிட்டது. நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

மழை கூண்டுக்குள் ஒழுகிக் கயிறு ஊறிக் கனத்திருந்தது. ஆராதனை மணிக்கு ஓங்கி இழுத்து விட்டுவிட வேண்டும். மணி இரண்டு பக்கமும் ஆடி, தொடர்ந்து அடிக்கும். பாதியில் பிடித்தால் ஒரு பக்கம் மட்டும் படும். டாங். அது அடங்கிய பிறகு இன்னொரு டாங். அதுதான் துக்க மணி, ஊரில் ஆள் இறந்தால் அடிப்பது. இன்று முதல் மணிக்குக் கயிறு வழுக்கியது, பிடித்துவிட்டேன், ஒரு பக்கம் மட்டும் பட்டது. சரி செய்யலாம் என்று மறுபடி இழுத்தேன். மறுபடியும் ஒரு பக்கம்தான். மறுபடியும். எல்லாம் ஈரத்தால் வந்தது.

வெளியே கூச்சல்.

"யாருட்டீ போனது? யாரு?"

"கீழத்தெரு பாக்கியமுத்து தாத்தாவா?"

"ஏல, நா இங்க ஒனக்குப் பின்னாலதான நிக்கேன், கண்ணு தெரியல?"

கதவை இடித்தார்கள். திறந்தேன். வாயில் பல்குச்சியோடு ஒருவர், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர், பின்னால் கொண்டை முடியாத பெண்கள், எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். தரை பிளந்தால் போய்விடலாம்.

"நீயாட்டீ இத்தன நாளும் அடிச்சது?"

"கயிறு ஈரம்" என்றேன்.

போதகர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து அவர் மட்டும் ஆச்சரியப்படவில்லை. "பரவாயில்லம்மா, தெரியாம நடந்தது. இத்தோட விட்டுட்டு, கொஞ்சம் கழிச்சு முதல் மணி அடிச்சுக்கலாம்."

"அது ஆகாது ஐயரே" என்றார் பொன்மலர் அத்தை. "துக்க மணிய ஆரம்பிச்சா பாதில நிறுத்தப்படாது. அது இங்க வழக்கம். முடிச்சே ஆகணும்."

"யாருக்குன்னு முடிக்கிறது? யாரும் சாகலையே?"

அத்தை சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவரும் போட்டுக்கொண்டார். சோப்பு நுரைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். பாக்கியமுத்து தாத்தாதான் சொன்னார்: "தேதி பதினாலு ஐயரே. வெள்ளம் வந்து இன்னையோட ஒரு வருசம். இந்தப் பிள்ளையோட அம்மைக்கும் தம்பிக்கும் நாங்க மணி அடிக்கவே இல்ல."

அடிக்கவில்லை. உண்மைதான். ஊரில் மணி அடிக்க இருந்தது ஒரே ஆள். உன் மனைவிக்கு நீயே அடி என்று அவரிடம் போய்ச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

"அடிட்டீ" என்றார் அத்தை.

அம்மாவுக்கு அடித்து முடித்தேன். பிறகு, யாரும் சொல்லவில்லை, சின்னப் பிள்ளைகளுக்கு அடிப்பதுபோல மெல்ல, இன்னொரு தடவை அடித்தேன். அப்போது கயிறு வழுக்கவில்லை.

எழுதுவதில்லை என்று வைத்திருந்ததை எழுதிவிட்டேன். போகட்டும்.

அப்புறம்தான் அதிசயம். முதல் மணியை எல்லோர் முன்னாலும், கதவைத் திறந்து வைத்தே அடிக்கச் சொன்னார்கள்! அடித்தேன். கயிறு என்னைத் தூக்கியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். "பிள்ள பறக்கு பாரு, கூரையப் பொத்துக்கிட்டுப் போயிராம!" என்று அத்தை கத்தினார். முகமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா லோடு ஏற்றப் போகாமல் சோறு வடித்து வைத்திருந்தார். குழைந்துபோயிருந்தது. இருவரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

டிசம்பர் 16, செவ்வாய்

அப்பா மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து வந்து என் கையை நீட்டச் சொன்னார். தடவிக்கொண்டே, "எப்புவுக்குத் தனியா அடிச்ச" என்றார்.

"கயிறு ஈரம்பா."

"ம்."

மறு கைக்கும் தடவிவிட்டு அவரே பேசினார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"அன்னைக்குக் குளம் ஒடஞ்சதும் நம்ம ரெண்டு பேரும் டார்ச் எடுத்துட்டு ஓடுனோம். ஊர எழுப்பணும்லா. பையனுக்குக் காய்ச்சல், நீ இங்கனயே இரு, மணி அடிச்சிட்டு ஓடி வந்திருதேன்னு ஒங்கம்மைட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். அவ இருந்திருந்தா பக்கத்து வீட்டு மாடில ஏறியிருப்பா. ஏறுனவங்க எல்லாரும் இருக்காவல்லா? மணி கேட்டுது, கெளம்பிட்டா. அகால நேரத்துல மணி கேட்டா கோயிலுக்கு வந்துரணும்னு நாந்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன், கல்யாணம் ஆன புதுசுல. பையனத் தோள்ல போட்டுக்கிட்டு எறங்குனது அந்தச் சந்துல. பள்ளம்."

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"ஊரு பூரா என்னால பொழச்சதுன்னு கையெடுத்துக் கும்பிடுது. எவங்கிட்ட சொல்ல? நா அடிச்ச மணிதான் அவளக் கூப்பிட்டு வந்து தண்ணிக்குள்ள விட்டுது. அவரு மேல இருந்து பாத்துட்டுத்தான இருந்தாரு? ஒரு கையி அளவு தண்ணிய வத்த வைக்க அவரால முடியாதா?"

எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்குக் குறுக்கு வழி அந்தச் சந்துதான். நான் தினமும் அதில்தான் ஓடுகிறேன். அப்பா எங்கே போனாலும் மெயின் ரோட்டைச் சுற்றித்தான் போவார். சைக்கிளுக்கு ரோடு நல்லது என்பார். நானும் அப்படியே நம்பியிருந்தேன்.

டிசம்பர் 17, புதன்

ஒன்றும் எழுத வரவில்லை. பானை விளக்கினேன்.

டிசம்பர் 20, சனி

போதகர் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் போகவில்லை! பாதிக் கதவுதான்.

கிறிஸ்துமஸ் காலை ஐந்து மணி ஆராதனைக்கு நான்தான் மணி அடிக்க வேண்டுமாம். திருச்சபைக் கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்களாம். பொம்பளப் பிள்ளை எப்படி என்று ஒருவர் கேட்டதற்கு, பொன்மலர் அத்தை எழுந்து "ரெண்டு வாரமா ஆம்பள அடிச்சதுன்னு நெனச்சுத்தான நீரு கண்ணத் தொடச்சீரு?" என்றாராம். நினைக்க நினைக்கச் சிரிப்பு வருகிறது.

"நீங்களும் வரணும் அண்ணாச்சி. மணிக்கு இல்ல. சும்மா உட்கார."

"அவ அடிக்கட்டும்யா. நா வரல."

போதகர் வசனம் ஒன்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்பாவுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அவர் நல்ல மனிதர்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அப்பா வர வேண்டும். மணி அடிக்கும்போது உள்ளே அவர் இருக்க வேண்டும். இதை நான் கேட்டேன் என்று கடவுளிடம் யாராவது சொன்னால் நல்லது. நானே சொன்னதாகவும் வைத்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 24, புதன்

வீடு கழுவியாயிற்று. பச்சைப் பாவாடைக்குக் கொக்கி தைத்தாயிற்று. அப்பாவின் வெள்ளை வேட்டியை, கேட்காமலே, துவைத்து மடித்து நாற்காலியில் வைத்தேன். பார்த்துவிட்டு, "நா வரலன்னு சொன்னேம்லா" என்றார்.

வாசல்படியில் நின்று, அவர் முகத்தைப் பார்க்காமல், நாலு நாளாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அம்மா தண்ணிக்குப் பயந்து ஓடலப்பா. நீங்க இருக்குத எடத்துக்குத்தான் வந்தாவ. மணி கேட்டதும், அப்பா அங்க இருக்காருன்னு தெரிஞ்சு வந்தாவ. மணி அவியளுக்கு வேற எதையும் சொல்லல."

அப்பா கொல்லைப்பக்கம் போய்விட்டார். வெகுநேரம் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வாளி நிறைந்து வழிந்தும் குழாயை அடைக்கவில்லை.

சொன்னது சரியா, தவறா? நாளை கிறிஸ்துமஸ்!

டிசம்பர் 25, வியாழன்

உள்ளங்கையில் துணிக்கட்டு, எழுத்து கோணலாக வரும். பரவாயில்லை.

நான் கிளம்பும்போது அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வேட்டி நாற்காலியில் மடித்தபடி இருந்தது. முதல் மணி அடித்தேன். ஊரெல்லாம் விளக்கு எரிந்தது. இரண்டாம் மணி அடித்தேன். ஆட்கள் புதுத்துணி சரசரக்க வர ஆரம்பித்தார்கள். கூண்டுச் சன்னல் வழியாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இல்லை. மெயின் ரோட்டுப் பக்கம் பார்த்தேன். இல்லை.

மூன்றாம் மணி. உள்ளே இடமில்லாமல் படியிலும் ஆட்கள். போதகர் அங்கியோடு வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நிறுத்த வேண்டும்.

அப்போதுதான் சந்தின் மறுமுனையில், யார் வீட்டு ஸ்டாரோ வெளிச்சம் போட்ட இடத்தில், வெள்ளை வேட்டி தெரிந்தது.

சந்தில்! ரோட்டில் இல்லை, சந்தில். நின்றுகொண்டிருந்தார். அதிர்ச்சியில் என் கை தளர்ந்தது, மணி ஓர் அடி தவறியது. அவர் தலையைத் தூக்கினார், பாதி திரும்பினார். நான் கயிற்றில் பாய்ந்து தொங்கினேன். டாங்! ஒரு எட்டு வைத்தார். டாங்! இன்னொன்று. மணி நின்றால் அவரும் நின்றுவிடுவார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

போதகர் கூண்டுக்கே வந்துவிட்டார். "கெத்சியா, போதும்மா, நேரமாச்சு."

"இன்னும் ஒரு ஆளு வரணும் ஐயரே!" என்று கத்தினேன். மணிச் சத்தத்தையும் மீறி. படியில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

போதகர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வாசலுக்குப் போய், உள்ளே போகாமல், சந்தைப் பார்த்து நின்றார். அத்தை பின்னால் வந்து நின்றார். ஒவ்வொருவராக மொத்தச் சபையும் வெளியே வந்து நின்றது.

பள்ளத்தில் அப்பா நின்றுவிட்டார். ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, குனிந்து, வெகுநேரம். எனக்கு இரண்டு தோளும் எரிந்தன. கொப்புளம் உடைந்து கயிறு பிசுபிசுத்தது. வாங்கப்பா, வாங்கப்பா, ஆண்டவரே, கையை மட்டும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும், வாங்கப்பா என்று ஒவ்வொரு இழுப்புக்கும் சொன்னேன். அப்பாவைக் கூப்பிட்டது எது, ஆண்டவரைக் கூப்பிட்டது எது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

சுவரிலிருந்து கையை எடுத்தார். மேடேறி வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. அப்பா கோயிலுக்குள் போகாமல் நேரே கூண்டுக்கு வந்தார். முகம் முழுக்க வியர்வை.

"போதும் பிள்ளே" என்றார். "வந்துட்டேன்."

கயிற்றை விட முடியவில்லை, விரல் மடங்கியபடியே இறுகிவிட்டது. அப்பாதான் ஒவ்வொரு விரலாக விரித்துவிட்டார். பிறகு மேலே நிமிர்ந்து பார்த்தார். மணியையா, அதற்கும் மேலேயா, தெரியாது. பக்கத்து ஆளிடம் பேசுவது மாதிரி, கோபம் குறையாமல் சொன்னார்:

"கேக்க வேண்டியது நெறைய இருக்கு. வெளிய நின்னு கேக்க மாட்டேன் இனி. உள்ள வந்து உக்காந்து கேக்கேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.